ரோபோ டீமுக்கு இடம் தேடி

நான்: எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் ரோபோ டீமுக்கு இடம் வேண்டும். காலி அறை, கார் ஷெட் எதுவானாலும் சரி. போட்டி முடியும் வரை போதும்.

பெரியப்பா: என் குடோன் சும்மாதானே கிடக்கிறது கண்ணா. தரைத்தளம். நீளம் 24 அடி, அகலம் 15. போதுமா?

நான்: பெரியப்பா!! 🙏 எங்கள் போட்டி எஃப்டிசி, அதாவது ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். ரோபோ ஓடும் களம் மட்டும் 12க்கு 12 அடி. 2 அடி சதுர ஃபோம் டைல் 36 விரிக்க வேண்டும். உள்ளே தூண் ஏதாவது இருக்கிறதா?

பெரியப்பா: ஒன்று உண்டு. வாசலிலிருந்து 8 அடியில், நட்டநடுவே.

நான்: அப்படியென்றால் தூணுக்குப் பின்னால் களம். முன்னால் வேலை மேசைகள். கச்சிதம்!

சித்தப்பா: அவசரப்படாதே. அலுமினியம் வெட்டும் மேசை வாசலோரம் இருக்கட்டும். வயரிங் மேசையைத் தூணுக்கு அந்தப் பக்கம் போடுங்கள். அலுமினியப் பொடித்தூள் ஒன்று ரோபோவின் மூளையான கன்ட்ரோலருக்குள் விழுந்தாலே ஷார்ட் ஆகிவிடலாம். வெட்டி முடித்ததும் கூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அத்தை: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் நான் வாங்கித் தருகிறேன்.

சித்தப்பா: கண்ணாடி அவசியம் அக்கா, ஆளுக்கு ஒன்று. ஆனால் டிரில் ஓடும்போது கையுறை கூடவே கூடாது. பிட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் துப்பட்டா, விரித்த முடியும் அப்படித்தான்.

அத்தை: ஐயோ. அப்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நான் சாயங்காலம் வருகிறேன்.

நான்: நன்றி அத்தை ❤️

தம்பி: அக்கா, 3டி பிரிண்டர் வாங்குவீர்களா?

நான்: அது அப்புறம்டா. முதலில் ஆடாத மேசை, பாகத்தைக் கவ்விப் பிடிக்க அதில் இறுக்கிய வைஸ், அறுகோணக் குழித் திருகுகளை முடுக்க நல்ல ஆலன் கீ செட். ரோபோவில் பாதி நேரம் திருகு முடுக்குவதிலேயே போகிறது. திருகுகளை அளவு வாரியாகப் போட டப்பாக்களும் வேண்டும்.

சித்தப்பா: ஆலன் கீயைச் சுவரில் மாட்டி, பின்னால் அதன் உருவத்தை வரைந்துவிடுங்கள். எது காணவில்லை என்று பார்த்ததுமே தெரியும். அண்ணா, பிளக் பாயிண்ட் எத்தனை?

பெரியப்பா: ஒன்றுதான்.

சித்தப்பா: அது போதாது. டிரில், வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்ட விடமாட்டேன். லோடு கூடினால் தானே அணைந்துவிடும் எம்சிபி சுவிட்ச் தனியாக வைத்து லைன் இழுத்துத் தருகிறேன். சால்டரிங் மேசை ஜன்னலோரம் வேண்டும், புகை வெளியே போக வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது அறையைப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது.

நான்: சரி சித்தப்பா, டீமில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: சனிக்கிழமை காலை வாருங்கள். டேப்பும் சாக்பீஸும் எடுத்து வா. களத்தைத் தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டே மேசை இறக்கலாம்.

நான்: டீமோடு வருகிறேன் பெரியப்பா. துடைப்பமும் கொண்டு வருகிறோம்!