புதுப்பிப்பு: விண்டோஸ் மறுபடி போட்டபின் காணாமல்போன இரண்டாவது ஹார்ட் டிஸ்க் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவியபின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் 'திஸ் பிசி'யில் தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். கேபிளை மாற்றியும் பலனில்லை, ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க் தெரிந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டை (டிஸ்க்குகளை நிர்வகிக்க விண்டோஸிலேயே உள்ள கருவி) பாருங்கள் என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது: அங்கே பார்ட்டிஷன் (டிஸ்க்கில் கோப்புகள் இருக்கும் பகுதி) நீலப்பட்டையோடு 'ஹெல்தி' என்றே இருந்தது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை. ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' போய், 'ஆட்' கொடுத்து 'ஈ' என்று வைத்ததும் கோப்புகள் அத்தனையும் வந்துவிட்டன. 'டி' எழுத்தை டிவிடி டிரைவ் பிடித்துவைத்திருந்ததால்தான் 'ஈ'.

அப்புறம் எதிர்பாராத ஒன்று: பழைய யூசர் ஃபோல்டர் அனுமதி இல்லை என்றது. ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் ஓனரைப் புதிய கணக்குக்கு மாற்றியபிறகுதான் திறந்தது. எழுத்து வைக்கும்முன் ஃபார்மேட் மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், கோப்புகள் அழிந்துவிடும்.