ஹார்ட் டிஸ்க் மாட்டியும் டெஸ்க்டாப்புல தெரியல: கடலூர், புதுவை பக்கம் பார்த்த கேஸ் இருந்தா போடுங்க

மஞ்சக்குப்பம் டெக்:
ஸ்டூடியோ மெஷின். கல்யாண வீடியோ வைக்க 8 டிபி எக்ஸ்டர்னல் வாங்கி, டப்பாவைப் பிரிச்சு, உள்ளே இருந்த 3.5 இன்ச் டிரைவை கேபினெட்டுக்குள்ள மாட்டியிருந்தாங்க. பயாஸ்ல (ஆன் பண்ணதும் முதல்ல போகிற செட்டிங் ஸ்கிரீன்) பேரே வரல. டேட்டா கேபிள் மாத்தியாச்சு, போர்ட் மாத்தியாச்சு. ஆன் பண்ணிட்டு டிரைவ் மேல உள்ளங்கையை வெச்சா துளி அதிர்வு இல்ல, கல்லு மாதிரி கிடக்கு. அதையே திரும்ப டப்பாவுல போட்டா ஜம்முனு சுத்துது.

விஷயம் சாட்டா (டிரைவை மாட்டுற கனெக்டர் முறை) பவர் கனெக்டர்ல மூணாவது பின். பழைய முறைப்படி 1, 2, 3 மூணுமே 3.3 வோல்ட். 2016-ல வந்த சாட்டா 3.3 பதிப்புல மூணாவது பின்னை 'டிரைவை நிறுத்து'ன்னு சொல்ற பின்னா மாத்திட்டாங்க. பழைய எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி) அதுல எப்பவும் 3.3 வோல்ட் குடுத்துக்கிட்டே இருக்கும், டிரைவ் மோட்டாரை ஓட்டவே ஓட்டாது. டேட்டா கனெக்டர் பக்கத்துல இருந்து எண்ணினா முதல் மூணு பின். அதுமேல 4 மி.மீ. அகலத்துக்கு கேப்டான் டேப் (அந்தத் தேன் கலர் டேப்) ஒட்டினா முடிஞ்சது. 3.5 இன்ச் டிரைவ் ஓட 5-ம் 12-ம் போதும், 3.3 தேவையில்ல. செலோ டேப் ஒட்டாதீங்க, சூட்டுல பசை உருகி பின்னுல இறங்கும்.

லாரன்ஸ் ரோடு:
எதுக்கு அவ்ளோ வேலை? மோலெக்ஸ் (எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பழைய நாலு பின் பவர் பிளக்) டு சாட்டா கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா போச்சு. அதுல மஞ்சள், சிவப்பு, ரெண்டு கறுப்பு மட்டும்தான், ஆரஞ்சு ஒயரே கிடையாது. 3.3 வர வழியே இல்ல.

வில்லியனூர் வயரிங்:
மேல சொன்ன ஆளு எந்த கன்வெர்ட்டர்னு சொல்லணும். வில்லியனூர்ல ஒரு பில்லிங் கவுன்ட்டர் மெஷின்ல அந்த கன்வெர்ட்டர் வாய் உருகி, டிரைவோட பவர் பின்னோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூடியைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகின வாடை. பிடுங்கினா பாதி பின் கையோட வந்துடுச்சு.

ரெண்டு வகை இருக்கு. ஒயரை உள்ளே வெச்சு பிளாஸ்டிக்கை ஒரே கட்டியா வார்த்தது ஒண்ணு. அதுல மஞ்சளும் சிவப்பும் உள்ளே எவ்ளோ கிட்ட கிடக்குதுன்னு வெளியே தெரியாது. நாளாக நாளாக சூட்டுல இளகி ஷார்ட் ஆகும். இன்னொண்ணுல பின்பக்கம் மூடியைக் கழட்டலாம், ஒவ்வொரு ஒயரும் தனித்தனி பள்ளத்துல அழுந்தி உட்கார்ந்திருக்கும். ரெண்டாவதை மட்டும் வாங்குங்க. 3.5 இன்ச் டிரைவ் சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். ஒரே கன்வெர்ட்டர்ல ரெண்டு டிரைவ் தொங்கவிடுறது வேண்டாம்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
இது வேற ரகம். டிரைவ் சுத்துது, ஆனா பயாஸ்ல இல்ல. ஒரு டியூஷன் சென்டர் மெஷின், எம்.2 எஸ்எஸ்டி (போர்டுலயே நேரா சொருகுற குச்சி மாதிரி டிரைவ்) போட்ட அன்னைக்கே பழைய 1 டிபி காணாமப் போச்சு. டிரைவ் செத்துடுச்சுன்னு முடிவு கட்டி புதுசு வாங்கி மாட்டியிருக்காங்க, அதுவும் தெரியல. நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டும் ஏதோ ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கும், ஸ்லாட்டுல ஆள் உட்கார்ந்தா அந்த போர்ட் அணைஞ்சிடும். பெரும்பாலும் 5 இல்ல 6, ஆனா போர்டுக்கு போர்ட் மாறும். மேனுவல்ல எம்.2 பக்கத்துலயே குட்டி டேபிளா போட்டிருப்பான். கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாத்தினதும் ரெண்டு டிரைவும் வந்துடுச்சு.

முதுநகர் சர்வீஸ்:
ஹார்பர் பக்கம் வர்ற டிரைவுல அடிக்கடி பார்க்கிறது: டக், டக், டக்னு நாலஞ்சு தட்டு, அப்புறம் அமைதி. ஹெட் (உள்ளே தட்டைப் படிக்கிற முனை) போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி அடியில இருக்கிற பச்சை போர்டை மட்டும் கழட்டிப் பாருங்க. சாதா ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஆகாது, ஆறு முனை டார்க்ஸ் வேணும், பெரும்பாலும் டி6. போர்டைத் திருப்பினா ஒரு ஓரத்துல வரிசையா குட்டித் தகடுகள், உள்ளே இருந்து வர்ற ஸ்பிரிங் பின் வந்து தொடுற இடம். வெள்ளி மாதிரி மின்ன வேண்டியது உப்புக்காத்துல சட்டி அடி கணக்கா கறுத்திருக்கும், ஸ்பிரிங் தொட்ட இடத்துல மட்டும் ஒரு புள்ளி. பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, துகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சுட்டு மாட்டினா சிலது உயிரோட வரும். வந்ததும் முதல் வேலை காப்பி எடுக்கிறது. அதை நம்பி திரும்ப ஓட்டாதீங்க.

எல்லாம் வராது. நிஜமாவே ஹெட் போயிருந்தா திரும்பத் திரும்ப ஆன் பண்றது தட்டைத்தான் கீறும். அதே மாடல் டிரைவோட போர்டை மாத்திப் போட்டா சரியாகும்னு சொல்றதையும் கேக்காதீங்க. அந்தந்த டிரைவுக்கான அளவுகள் போர்டுல இருக்கிற எட்டு கால் சிப்புல இருக்கும், அதையும் பெயர்த்து ஒட்டணும்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்:
எல்லோரும் பின், கேபிள் என்றே பேசுகிறீர்கள். கேபினெட்டைத் திறக்கும் முன் டெஸ்டரை அதன் மேல் வைத்துப் பார்த்தீர்களா? மங்கலாக எரிந்தால் அந்த வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் உள்ள இரண்டு கெப்பாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் பாடியை நிறுத்திவிடும், சுமார் 115 வோல்ட். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனால் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் சுருக்கென்று இருக்கும்.

'பிளக்கைப் பிடுங்காதே, சுவிட்சை மட்டும் அணை, எர்த் தொடர்பு இருக்கட்டும்' என்று ஒரு யோசனை உலவுகிறது. எர்த் உள்ள, வயரிங் சரியான வீட்டுக்கு அது பொருந்தும். சுவிட்சை நியூட்ரலில் போட்டுவைத்த பழைய வீடுகள் ஏராளம். அங்கே சுவிட்சை அணைத்தாலும் பேஸ் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் உள்ள சின்ன விளக்கு அணையும். பிறகு பெயின்ட் இல்லாத தகட்டை ஒருமுறை தொட்டுவிட்டு டிரைவை எடுங்கள்.

எர்த் போடுவதானால் 40 மி.மீ. ஜிஐ பைப், 2.5 மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் என்பது வழக்கம். ஆனால் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற கரையோரத்தில் மண்ணிலேயே உப்பு இருக்கிறது. மேலும் உப்பைக் கொட்டினால் பைப் சீக்கிரம் அரிக்கும். செம்பு பூசிய கம்பி நல்லது. மழைக்காலத்தில் அளந்து திருப்தி அடையாமல் சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும். பேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் அது உடனே டிரிப் ஆகும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இதை வயர்மேன் செய்யட்டும்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
சார், ஹார்ட் டிஸ்க் மாட்ட வந்தவங்களை பள்ளம் தோண்ட விட்டுட்டீங்க 😄 பிளக் பிடுங்குற விஷயத்துல மட்டும் நீங்க சொல்றதுதான் சரி.

நெல்லிக்குப்பம் 67:
எல்லாம் தெரியுது, விண்டோஸ் மட்டும் வரல, அந்த வகை ஒண்ணு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டாமலே புது எஸ்எஸ்டியில விண்டோஸ் போட்டிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு பழசு கொரகொரன்னு சத்தம் போடுதேன்னு எடுத்தா, பூட் டிவைஸ் இல்லைன்னு கறுப்பு ஸ்கிரீன். விண்டோஸ் எஸ்எஸ்டியிலதான் இருக்கு, பூட் ஃபைல் இருக்கிற 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பழசுல. ஏற்கெனவே அங்க ஒண்ணு இருந்ததால இன்ஸ்டாலர் அதையே எடுத்துக்கிச்சு.

சரி பண்ண: விண்டோஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினா கமாண்ட் விண்டோ வரும். டிஸ்க்பார்ட்டுல (பார்ட்டிஷன் பிரிக்கிற கமாண்ட்) எஸ்எஸ்டியில இருக்கிற விண்டோஸ் பார்ட்டிஷனை 200 எம்பி சுருக்கி, அந்த இடத்துல ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், ஃபேட்32 ஃபார்மேட், எஸ்-னு ஒரு எழுத்து. அப்புறம் பூட் ஃபைலை அதுல எழுத பிசிடிபூட் கமாண்ட். பென் டிரைவ்ல வரும்போது விண்டோஸ் இருக்கிற பார்ட்டிஷன் சி-யா இருக்கணும்னு இல்ல, டி-யா மாறியிருக்கும், முதல்ல பார்த்துக்கோங்க. இதெல்லாம் வேண்டாம்னா விண்டோஸ் போடுற நேரத்துல பழைய டிரைவோட டேட்டா கேபிளை உருவிடுங்க.

பாகூர்:
4 டிபி போட்டு 2048 ஜிபிதான் வருது, மீதி 1678 கறுப்புப் பட்டையா நிக்குதுன்னா எம்பிஆர்ல (பழைய பார்ட்டிஷன் முறை) இனிஷியலைஸ் பண்ணிட்டாங்க. ஜிபிடி (புது முறை) வேணும். காலி டிரைவ்னா பார்ட்டிஷனை அழிச்சுட்டு கன்வெர்ட் கொடுங்க. 3.63 டிபின்னு காட்டினா சரியாத்தான் இருக்கு, கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

மஞ்சக்குப்பம் டெக்:
ஸ்குரூ பத்தி யாரும் சொல்லல. 3.5 இன்ச்சுக்கு பெரிய மரை, அதாவது 6-32. எஸ்எஸ்டிக்கும் சிடி டிரைவுக்கும் பொடி மரை, எம்3. எம்3-ஐ பெரிய ஓட்டையில விட்டா இறுகாம லொடலொடன்னு சுத்தும். அதிர்வுல டிரைவ் நடுங்கிக்கிட்டே இருக்கும். நீளம் 5, 6 மி.மீ. தாண்டக் கூடாது. இப்ப வர்ற பெரிய சைஸ் டிரைவுகள்ல நடு ஓட்டை இருக்கிறதில்ல, பழைய டிரே ஓட்டையோட சேராது. அதுக்காக ரெண்டு பக்க டேப்ல ஒட்டிவைக்காதீங்க, டிரேயில புது ஓட்டை போடுங்க. டிரைவை வெளியே எடுத்துட்டு.