'நிறுவை' டேபிளில் எஜன்ட்டுக்கு டிலீட் உரிமை இல்லை, ஆனாலும் நிறுவை வரிகள் அழிகின்றன

கொட்டகலை_டேட்டா:
தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்கு போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸில் இருக்கிறது. சிக்னல் இல்லாத மலைகளில் டெப்பில் (டெப்லெட்) பதிந்து, பிறகு சிங்க் செய்கிறோம். அதில் ஒரே தொகுதி (ஒன்றாக ஏறும் நிறுவைகள்) சிலவேளை இரண்டு தரம் ஏறிவிடும். அதைத் துப்புரவாக்க ஒரு ஏஐ எஜன்ட். 'தொகுதி' டேபிளில் மட்டும் அதற்கு டிலீட் உரிமை. 'நிறுவை'யில் அப்டேட் வரைக்கும்தான். கேட்காமல் அழிக்காதே என்று ப்ராம்ப்டிலும் இருக்கிறது. டெஸ்ட் காப்பியில் ஓடவிட்டால் நிறுவை வரிகள் போய்விடுகின்றன. லொக்கில் (கட்டளைப் பதிவில்) நிறுவைக்கு டிலீட் கட்டளையே இல்லை. எங்கே ஓட்டை?

பண்டாரவளை_டிபிஏ:
நிறுவையின் ஃபொறின் கீயை (தொகுதியோடு இணைக்கும் கட்டுப்பாடு) பாருங்கள், 'ஒன் டிலீட் கெஸ்கேட்' போட்டிருப்பீர்கள். தொகுதியில் ஒரு வரி போனால் அதன் நிறுவைகளை டேட்டாபேஸே அழிக்கும். அந்த வேலை டேபிள் ஓனரின் உரிமையில் நடப்பதால் எஜன்ட்டின் ரோலில் (அதன் டேட்டாபேஸ் கணக்கில்) எதைப் பிடுங்கினாலும் தடுக்காது. லொக்கிலும் விழாது. அந்தக் கன்ஸ்ட்ரெயின்டை (கட்டுப்பாட்டை) நீக்கி 'ரெஸ்ட்ரிக்ட்' ஆகத் திரும்பப் போடுங்கள், நிறுவை உள்ள தொகுதியை அழிக்கப் போனால் எரர் வரும். ட்ரன்கேட் (டேபிளை முழுதாகக் காலியாக்குவது) தனி உரிமை, அதையும் பாருங்கள். ப்ராம்ப்டில் எழுதியது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை.

கொட்டகலை_டேட்டா:
கெஸ்கேட்தான், நன்றி அண்ணே. மாற்றிவிட்டேன். இப்போது எரர் வந்ததும் எஜன்ட் கிலோவை 0 ஆக்கி "துப்புரவு முடிந்தது" என்கிறது!

பண்டாரவளை_டிபிஏ:
அதுவும் அழிப்புத்தான். டேபிள் முழுவதற்குமான அப்டேட் உரிமையை முதலில் எடுங்கள். அது இருக்கும்வரை தனி கொலத்தில் (நெடுவரிசையில்) மட்டும் ரிவோக் (உரிமையைப் பறிக்கும் கட்டளை) போட்டுப் பயனில்லை. தொகுதியில் டிலீட்டையும் எடுங்கள். எஜன்ட்டுக்கு வாசிக்கும் உரிமையும், 'நீக்கக்_கோரிக்கை' டேபிளில் இன்சர்ட்டும் போதும். கோரிக்கையில் வரி ஐடிகளும் காரணமும் இருக்கட்டும். வேறு லொகினில் ஒரு ஆள் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் ஒரு ஃபங்ஷன் அந்த ஐடிகளை மட்டும் 'மறைத்தது' என்று குறிக்கும். 20 வரிக்கு மேல் வந்தால் எரர் கொடுத்து நிற்கட்டும். ஃபங்ஷனை 'செக்யூரிட்டி டிஃபைனர்' ஆக (ஓனரின் உரிமையில் ஓடுமாறு) வைத்தால் சேர்ச் பாத்தை (டேபிள் பெயர்களை எங்கே தேடுவது என்ற வரிசை) கட்டாயம் குறிப்பிடுங்கள். புது ஃபங்ஷனை ஓட்டும் உரிமை எல்லா ரோலுக்கும் தானாகவே கிடைக்கும், அதை ரிவோக் செய்ய மறந்தால் எஜன்ட்டே அதைக் கூப்பிடும். சாட்டில் "ஓம்" என்று எழுதுவதை ஒப்புதலாக எடுக்காதீர்கள்.

மேல்பிரிவு:
இன்னொன்று. எஜன்ட் ஓடும் மெசினில் மைக்ரேஷனுக்கான (டேபிள் அமைப்பை மாற்றும் வேலைக்கான) என்வ் ஃபைல், அதாவது செட்டிங் ஃபைல், கிடக்கிறதா? அதில் ஓனர் பாஸ்வேர்ட் இருந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண், ஷெல் (மெசினில் கட்டளை ஓட்டும் வசதி) இருக்கும் எஜன்ட் அதைத் தேடிப் படிக்கும். பெக்கப்பும் அந்த மெசினின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். டூலில் "அழிக்கக்கூடியது" என்று எம்சிபி (ஏஐயை டூல்களோடு இணைக்கும் முறை) குறிப்பு போட்டிருந்தாலும் அது குறிப்பு மட்டுமே, சேர்வர் எதையும் தடுக்காது.

அதைவிட, எதை இரட்டை என்று எஜன்ட் முடிவெடுக்கிறது? ஆள், திகதி, கிலோ ஒன்றாக இருப்பதை வைத்தா? ஒரு நாளில் இரண்டு மூன்று நிறுவை நடக்கும். காலையும் பகலும் 8 கிலோ எடுத்தவருக்கு ஒரு நிறுவை போய்விடும், சம்பளத்தில் கைவைத்த மாதிரி. டெப்பே ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு யூயூஐடி (தனி அடையாள எண்) உருவாக்கட்டும், அதற்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். சிங்க் இரண்டு தரம் வந்தாலும் இரண்டாவது ஏறாது. துப்புரவு வேலையே குறையும்.

கொட்டகலை_டேட்டா:
யூயூஐடி இல்லாமல் ஏற்கெனவே ஏறிய தொகுதிகள்?

மேல்பிரிவு:
எஜன்ட் சந்தேகப் பட்டியல் மட்டும் எடுக்கட்டும். கணக்கப்பிள்ளையின் நிறுவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஆள்தான் குறிக்கவேண்டும்.