லேப்டாப்பை மூடினாலும் தூங்குவதில்லை, விடிவதற்குள் பேட்டரி காலி: என்ன செய்யலாம்?

கேள்வி (காவேரிப்பட்டணம்)

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். தோத்தாபுரி சீசன், நள்ளிரவு வரை லோடு வருகிறது. வண்டி எடை மேடையில் ஏறியதும் எடையைப் பதிந்து விவசாயிக்குச் சீட்டு கொடுத்தாக வேண்டும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரிதான் கை கொடுக்கும். இப்போது அதுவே காலை வாருகிறது.

இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 20 இருக்கிறது. நேற்று டவுன் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன், தொடை சுட்டது. திறந்து பார்த்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது! ஆலையிலும் பத்து நிமிடத்தில் ஸ்லீப் போகும்படி வைத்திருக்கிறேன், போவதே இல்லை. விண்டோஸ் 11, வாங்கி இரண்டு வருடம். கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில் (தருமபுரி)

தம்பி, அவசரப்பட்டுப் பணத்தைப் போடாதீர்கள். பேட்டரி மட்டும் கெட்டிருந்தால் மூடிய லேப்டாப்பில் ஃபேன் ஓடாது. உள்ளே ஏதோ வேலை நடக்கிறது. அது தெரியும்வரை ஷட் டவுன் செய்தே பையில் வையுங்கள். காற்றுப் புகாத பையில் தினமும் சூடேறினால் நல்ல பேட்டரியும் உப்பிப்போகும்.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அட்மினாகத் திறங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள், அதுதான் கட்டளை. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ரிக்வெஸ்ட்ஸ். தூங்கவிடாமல் தடுப்பது எது என்று காட்டும். ஆலையில் லேப்டாப் தூங்காமல் இருக்கும் நேரத்தில் இதைப் பாருங்கள். அதே மாதிரி ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதிலாக ஏ என்ற ஒற்றை எழுத்து (எந்த வகைத் தூக்கம் உண்டு என்று காட்டும்), அப்புறம் ஸ்லீப்ஸ்டடி (தூக்கத்தில் பேட்டரியைத் தின்றது எது), பேட்டரிரிப்போர்ட் (பேட்டரியின் நிலை). என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன் அண்ணா. ரிக்வெஸ்ட்ஸில் சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் எஸ்ஆர்வி நெட் என்று ஒரு டிரைவர் மென்பொருளின் பெயர். ஏ போட்டால் எஸ்3 இல்லை, எஸ்0 லோ பவர் ஐடில் மட்டும் இருக்கிறது. ஸ்லீப்ஸ்டடியில் இரவு நேரம் முழுக்கச் சிவப்பு, வைஃபை பெயர்தான் மேலே. பேட்டரி புதிதில் 41,000 மில்லிவாட் மணி, இப்போது 35,900.

பதில் (தருமபுரி)

பேட்டரி தேவலாம், எட்டில் ஏழு பங்கு மிச்சம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஆலையில் தூங்காதது ஒன்று, வீட்டில் தூங்கியும் தீர்வது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் குழப்பம்.

எஸ்ஆர்வி நெட் என்றால் உங்கள் லேப்டாப்பில் பகிர்ந்த ஃபோல்டரை வேறொரு கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். எடை மேடை அறையில் யாராவது உங்கள் எக்செல் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறார்களா? அந்தக் கோப்பை அங்கிருக்கும் கம்ப்யூட்டருக்கே மாற்றிவிடுங்கள். இந்தத் தடையை மீறித் தூங்க வைக்கவும் வழி உண்டு, ஆனால் அவர் எடையைப் பதியும்போது லேப்டாப் தூங்கிவிட்டால் யாரோ ஒரு விவசாயியின் கணக்கு விட்டுப்போகும். வேண்டாம்.

வீட்டுக் கோளாறு எஸ்0 சம்பந்தப்பட்டது. பழைய எஸ்3 தூக்கத்தில் ரேம் தவிர அநேகமாக எல்லாம் அணைந்துவிடும். எஸ்0-வில் லேப்டாப் மொபைல் மாதிரி அரைத்தூக்கம்தான் போடும், வைஃபை வழியாக மெயிலும் அப்டேட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். சில டிரைவர்கள் அடங்காமல் விடியும்வரை விழித்திருக்கும். அதனால் மூடும்போது ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் வையுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் மாற்றலாம். ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். திறந்த வேலை அப்படியே இருக்கும், எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பதில் (ஓசூர்)

பட்டியலில் ஹைபர்னேட் இல்லாவிட்டால் அண்ணா சொன்ன கட்டளையோடு ஓர் இடைவெளி, சாய்கோடு, ஹைபர்னேட், இடைவெளி, ஆன் என்று அடித்தால் வந்துவிடும். டிஸ்கில் சில ஜிபி காலியாக இருக்கட்டும். ஒயர்லெஸ் மவுஸுக்காக யுஎஸ்பியில் செருகும் டாங்கிளையும் கழற்றிவிட்டே பையில் போடுங்கள், பஸ் குலுங்கும்போது மவுஸ் அசைந்தாலே ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் விழித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. எடை மேடை அறையில் கோப்பு காலை முதல் இரவு வரை திறந்தேதான் இருந்திருக்கிறது. அங்கேயே மாற்றிவிட்டேன், இப்போது பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறது. நேற்று இரவு 78-ல் மூடினேன், காலையில் 77. பஸ்ஸில் பையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.