இரும்புக் குளிசை மட்டும் போதுமா?

குளக்கட்டு:
அம்மாவுக்கு 64 வயது. ஒட்டுசுட்டானிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறிப் பிரஷர் கிளினிக்குக்குப் போய் வருபவர். அண்மையில் அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டியபோது, உள்ளே நாலாக மடித்த இரத்தப் பரிசோதனைத் துண்டு ஒன்று இருந்தது. ஹீமோகுளோபின் 8.6. எட்டு மாதத்துக்கு முந்தியது. கொப்பியில் அதைப்பற்றி ஒரு வரி கிடையாது, மாதாமாதம் இரும்புக் குளிசை மட்டும் எழுதியிருக்கிறது. களைக்குது என்று அம்மா சொன்னபோது வயசுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். குருதிச்சோகைக்கு, அதாவது ஹீமோகுளோபின் இப்படிக் குறைவதற்கு, காரணம் தேடாமல் குளிசை எழுதுவதை நிறுத்த வேண்டும்.

நெடுங்கேணியாள்:
தம்பி, அம்மாவுக்கு நடந்தது பெரிய பிழை. அதற்காகக் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நான் 19 வருஷம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் பெரும்பாலும் இரும்புக் குறைவுதான். எல்லாச் சோதனையும் முடியட்டும் என்று இருந்தால் பிள்ளை பிறந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அரிசி வாளிக்குப் பின்னால் குளிசை சரை சரையாகக் கிடக்கும். சத்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். விழுங்குகிறவர்களும் சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பார்கள், கல்சியத்தையும் சேர்த்தே போடுவார்கள். பிறகு எப்படி இரும்பு உடம்பில் சேரும்? கல்சியம் பகலில், இரும்பு படுக்கும்போது தேசிக்காய்த் தண்ணீரோடு என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் இரத்தம் ஏறுகிறது. கண்ணால் கண்டிருக்கிறேன்.

குளக்கட்டு:
கர்ப்பிணிக்குச் சரி, அக்கா. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் வயிற்றில், குடலில் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டாமா? இப்போதுதான் அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனை பார்த்தார்கள். சிறுநீரகம் பழுது. அது பழுதானால், இரத்தத்தை ஊற வைக்கும் ஹோர்மோனான எரித்ரோபொயட்டின் சுரப்பது குறைந்து இரத்தம் ஊறாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இவ்வளவு இருக்கும்போது, இது முதலிலேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பாலைப்பழம்:
நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையை எல்லாருக்கும் செய்ய எங்களிடம் வசதியில்லை. ஆனால் நாங்கள் கொடுக்கும் துண்டிலேயே எம்.சி.வி., அதாவது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன், இருக்கிறது. 80க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு அல்லது தலசீமியாக் கூறு (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) என்று யோசிக்கலாம். குளிசையை ஒழுங்காக எடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லையென்றால் வேறு ஏதோ இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் திரும்ப இரத்தம் எடுக்க அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு.

நெடுங்கேணியாள்:
அதை ஒத்துக்கொள்கிறேன். என் பகுதிக் கர்ப்பிணிக்கு எண் குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள், அதனால் நான் தேடிப் போவேன். பிரஷர் கிளினிக் துண்டுக்கு அப்படிப் பொறுப்பான ஆள் இல்லை. ஆனாலும் குளிசையை நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

குளக்கட்டு:
சரி அக்கா, கர்ப்பிணிகளுக்கு நிறுத்த வேண்டாம். மற்றவர்களுக்குத் துண்டைக் கொப்பிக்குள் மடித்து வைக்க முதல், எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, திரும்பப் பார்க்கும் திகதியையும் பக்கத்தில் எழுதட்டும். அம்மாவின் அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. நானும் கூடப் போகிறேன்.