கிளிநொச்சியில் ஒரு பின்னேரம் ஜப்பானியப் பண்பாடு: எதை வைக்கலாம், எதை விடலாம்?

பதிந்தவர்: பாலையடி

வணக்கம் உறவுகளே. ஓகஸ்ட் விடுமுறையில எங்கட வாசிகசாலை மண்டபத்தில 2 மணியில இருந்து 5 மணி மட்டும் ஜப்பானியப் பண்பாட்டை அறிமுகப்படுத்துற நிகழ்வு ஒண்டு வைக்கிறம். ஜப்பானிய மொழி படிக்கிற 5 பேர்தான் நடத்துறது. வாறவை 60 பேரளவில வரும்: அரைவாசி பிள்ளையள், மிச்சம் தாய் தகப்பன்மாரும் லீவில வந்து நிக்கிற வெளிநாட்டு உறவுகளும்.

கையில இருக்கிறது: இன்னும் உடைக்காத 40 கிராம் மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) டின் ஒண்டு, அதை நுரைக்க அடிக்கிற மூங்கில் சாசென் 2, தடிச்ச தூரிகை 4, போகுஜூ மை ஒரு போத்தல், யுகட்டா எண்ட மெல்லிய பருத்திக் கிமோனோ 2. ஹன்ஷி தாள் இல்லை. மண்டபத்தில சீலிங் ஃபான் மட்டும்தான். கதிரையளை எடுத்துப்போட்டு பன்பாய் விரிக்கலாம்.

தேத்தண்ணி எல்லாருக்கும் காணுமா? வாறவையின்ர பேரைக் கட்டகானாவில (ஜப்பானியர் பிறமொழிப் பேர் எழுதுற எழுத்து) எழுதிக் குடுக்க விருப்பம், பிழை வராமல் எப்பிடிச் செய்யிறது? மொழியைப் பற்றி 10 நிமிசத்தில எதைச் சொல்லலாம்? தமிழில இருந்துதான் ஜப்பானியம் வந்தது எண்டு பேச ஒருத்தர் ஆயத்தமா நிக்கிறார். மேடை குடுக்கலாமோ?

---

பதிந்தவர்: முத்தையன்கட்டு

தம்பி, தேத்தண்ணிக் கணக்கை முதல் பார்ப்பம். உசுச்சா எண்ட மெல்லிய மட்சாவுக்கு ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம், 70 மில்லிலீற்றர் தண்ணி. 40 கிராமில 20 கிண்ணம்தான் வரும். ஒரு கிண்ணத்தை அடிச்சு ரெண்டு சின்னக் கோப்பைக்குப் பங்கிட்டா 40 பேர். அதுக்கு மேல இழுக்காதேங்கோ. பொடியைக் குறைச்சா பச்சைத் தண்ணிதான் மிஞ்சும், வந்தவை "இதுதானோ மட்சா?" எண்டு போயிடுவினம்.

மட்சாவில கஃபீன் இருக்கு, சின்னப் பிள்ளையளுக்கு வேண்டாம். அவைக்கு முகிச்சா வையுங்கோ. ஜப்பானில கோடைகாலத்தில வீட்டுக்கு வீடு குளிர வைச்சுக் குடிக்கிற பார்லித் தேத்தண்ணி அது. கடைப் பார்லியை வெறும் தாச்சியில கடும் கபில நிறம் வரும்வரை வறுத்து, ஒரு லீற்றருக்கு 3 மேசைக்கரண்டி போட்டு 10 நிமிசம் கொதிக்க விட்டு வடிச்சு ஆறவிடுறது. மாச்சத்து இருக்கிறதால கெதியாப் புளிக்கும். அண்டைக்குக் காலமை செய்து அண்டைக்கே முடிக்க வேணும்.

இனித் தண்ணி. எங்கட பக்கக் கிணத்துத் தண்ணியைக் கேத்தில்ல கொதிக்க வைச்சா அடியில வெள்ளையாப் படியிறது தெரியும்தானே. அந்தக் கடினத் தண்ணியில மட்சாவின்ர நிறமும் மணமும் மங்கும். கடையில நிரப்பித் தாற ஆர்.ஓ. தண்ணி 5 லீற்றர் எடுத்தா, கிண்ணம் சூடாக்கவும் சேர்த்துக் காணும். கொதிதண்ணியை நேர ஊத்தக்கூடாது, கசக்கும். கொதிச்ச தண்ணியை ஒரு ஜக்குக்கு மாத்தி, அதிலிருந்து இன்னொண்டுக்கு மாத்தினா 80 பாகைக்குக் கிட்ட வந்திடும்.

டின் குளிர்சாதனப் பெட்டியில இருந்தா நிகழ்வுக்குச் சில மணித்தியாலம் முந்தியே வெளிய எடுங்கோ, ஆனா திறவாதேங்கோ. குளிரோட திறந்தா எங்கட காத்தின்ர ஈரம் முழுக்கப் பொடியில இறங்கிக் கட்டிபிடிக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறந்து, தேவையான அளவை மட்டும் அரிதட்டில அரிச்சு மூடின டப்பாவில வையுங்கோ. அரிக்காத பொடி எவ்வளவு அடிச்சாலும் உருண்டை உருண்டையா நிக்கும்.

சாசெனைக் காய்ஞ்சபடி பாவிச்சா நுனி முறிஞ்சு கிண்ணத்துக்குள்ள விழும். ஒரு நிமிசம் சுடுதண்ணியில நிக்க விடுங்கோ, நார் வளையும். கிண்ணத்தையும் அதே தண்ணியால சூடாக்கி, ஊத்தி, துணியால துடைச்ச பிறகுதான் பொடி. தண்ணி விட்டதும் சாசெனைக் கிண்ணத்தின்ர அடியில அழுத்தாமல், மணிக்கட்டால முன்னுக்கும் பின்னுக்கும் கெதியா அடிக்கிறது. வட்டமாச் சுத்தினா நுரை வராது. பெரிய குமிழ் சின்னனாகினதும் மேற்பரப்பை மெல்லத் தடவி, நடுவால தூக்கி எடுக்கிறது. உரசென்கே எண்ட தேநீர் மரபில நுரை நிறைய இருக்கும், ஒமோத்தெசென்கே மரபில குறைவு. வந்தவர் ஆராவது வேற மாதிரிப் பார்த்திருந்தா ரெண்டும் சரி எண்டு சொல்லுங்கோ. கழுவ வெறும் சுடுதண்ணி மட்டும், சவர்க்காரம் மூங்கிலுக்குள்ள ஊறிப்போகும்.

இனிப்பு தேத்தண்ணிக்கு முந்தித்தான், கூட இல்லை. இது முக்கியம்: இனிப்பைச் சாப்பிட்டு முடிச்ச வாயிலதான் கசப்பு வடிவாத் தெரியும். அங்க அசுகி எண்ட சின்னச் சிவப்பு அவரையை அவிச்சு 'அன்' எண்ட இனிப்பு மசியல் செய்யிறவை. எங்கட சிவப்புக் கௌபி அதுக்கு நெருங்கின சொந்தப் பயறு. ஜப்பானிலயே விசேச நாளுக்குச் சமைக்கிற சிவப்புச் சோத்துக்கு, கிழக்குப் பகுதியில, அசுகி வெடிச்சுப் பிளக்கும் எண்டு கௌபி வகைப் பயறைப் போடுறவை. அதால இதை மாத்துச் சரக்கு எண்டு கூச்சப்படத் தேவையில்லை. கௌபி 250 கிராமை ஊறவைச்சு, முதல் கொதியின்ர தண்ணியை ஊத்திப்போட்டு (துவர்ப்பு அதோட போகும்), புதுத்தண்ணியில விரலுக்கு மசியும்வரை அவிச்சு, மசிச்சு, 250 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கிண்டுங்கோ. அகப்பையால இழுத்தா சட்டியின்ர அடி ஒருகணம் தெரியிற பதத்தில இறக்கலாம், ஆறினா இன்னும் இறுகும். 40 சின்ன உருண்டை வரும். நேரம் இல்லாட்டி ஆளுக்கொரு சின்னத் துண்டு பனங்கட்டி. ஒக்கினாவாவின்ர கறுப்புச் சீனிக் கட்டியைத் தேத்தண்ணியோட வைக்கிற வழக்கம் அங்கயும் இருக்கு.

8 பேராய் 5 தடவை இருத்துங்கோ. கிண்ணத்தின்ர வடிவான முகம் விருந்தாளியைப் பார்க்க வைக்கிறது, விருந்தாளி அதை வலஞ்சுழியா ரெண்டு தரம் திருப்பி அந்த முகத்தில வாய் படாமல் குடிக்கிறது. கோப்பைக்குப் பங்கிடுறதெண்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தருக்காவது முழுக் கிண்ணத்தில குடுத்து இதைச் செய்விச்சுக் காட்டுங்கோ.

---

பதிந்தவர்: மைக்கூடு

அண்ணை தேத்தண்ணியை முடிச்சிட்டார், நான் தூரிகைக்கு வாறன்.

ஹன்ஷி 24க்கு 33 சென்ரிமீற்றர் அளவில வாற, மை உறிஞ்சுற தாள். ஏ4 தாள் அதுக்குச் சரிவராது. மை மேலேயே குளம்மாதிரி நிண்டு, கை பட்டால் இழுபடும். அச்சகத்தில அச்சடிக்காத செய்தித்தாள் வெட்டு மிச்சம் கேட்டு வாங்குங்கோ. பழகிறதுக்குப் பழைய பேப்பரே போதும், ஜப்பானிலயும் பேப்பரில பழகிறவை இருக்கினம். தாளுக்குக் கீழ தடிச்ச போர்வைத் துண்டு ஒண்டு. வெறும் மேசையில எழுதினா மை கீழ ஊறி ஒட்டும், தூரிகையும் துள்ளும். மேல் ஓரத்தில பாரம்: இரும்பு அடிமட்டம் நல்லம். சோளகக் காத்து வீசுற மாதம், யன்னல்பக்கம் இந்த மேசையை வைக்கவே வேண்டாம்.

புதுத் தூரிகை பசை போட்டு இறுகி இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில விரலால அமத்தி அவிழ்த்து, ஈரத்தை ஒத்தின பிறகு மை தொடுங்கோ. போத்தலில இந்தியன் இங்க் எண்டு விக்கிறதை வாங்கிக் கலக்காதேங்கோ, அதில அரக்கு இருக்கலாம், காய்ஞ்சால் தூரிகை கல்லு. போகுஜூவும் துணியில பட்டாப் போகாது. கரி, அது சாயம் இல்லை. அதால பிள்ளையளை வெள்ளை யூனிஃபோமில வரவேண்டாம் எண்டு முதலே அறிவியுங்கோ. பட்டால் தேய்க்காமல் ஒத்தி எடுத்து, சோத்துப் பருக்கையும் சவர்க்காரமும் குழைச்சுப் பூசிக் கழுவினால் மங்கும், அவ்வளவுதான்.

எழுதிப் பழக 'மரம்' எண்ட எழுத்தை (木) குடுங்கோ. நாலே கோடு: குறுக்குக் கோடு இடமிருந்து வலம், முடிவில அமத்தி நிப்பாட்டுறது. நெடுங்கோடு மேலிருந்து கீழ். பிறகு இடப்பக்கம் இழுத்து விடுறது, கடைசியா வலப்பக்கம் இழுத்து, ஒருக்கா அமத்தி, மெல்லத் தூக்குறது. நிப்பாட்டுறதும் இழுத்துவிடுறதும் ஒரே எழுத்தில பழகலாம். மரத்தை ரெண்டாய் எழுதினா தோப்பு, மூண்டாய் எழுதினா காடு. வன்னிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்கா? 'வயல்' எழுத்தும் (田) வைக்கலாம். ஆனா கோட்டு ஒழுங்கைச் சீனக் காணொளி பார்த்துப் பழகாதேங்கோ. ஜப்பானிய ஒழுங்கில பெட்டிக்குள்ள நெடுங்கோடு முதல், குறுக்குக்கோடு பிறகு. சீனத்தில மறுவளம்.

பேர் எழுதுறதில வாற பெரிய பிழை இது. எங்கட ஆம்பிளைப் பேர் பாதி 'ன்' இல முடியுது. கட்டகானாவில 'ன்' எழுத்தும் 'சொ' எழுத்தும் பார்க்க ஒரே சாயல், ஒரு சின்னக் கோடு ஒரு நீளக் கோடு. 'ன்' இல நீளக் கோடு கீழிருந்து வலப்பக்கம் மேல ஏறும். 'சொ' இல மேலிருந்து கீழ இறங்கும். திசை மாறினா கண்ணன் 'கன்னசொ' ஆகிடுவார். 'ஷி', 'ட்சு' ரெண்டுக்கும் இதே சிக்கல்தான்.

ல, ள, ழ, ர எல்லாத்துக்கும் ஒரே வரிசை. செல்வி 'செ-ரு-வி', யாழினி 'யா-ரி-நி'. தனி மெய்க்கு உகரம் சேரும், 'த்', 'ட்' க்கு மட்டும் ஒகரம். 'வ' வுக்கு ரெண்டு எழுத்து முறை இருக்கு, ஒண்டைத் தெரிஞ்செடுத்து எல்லாருக்கும் அதையே எழுதுங்கோ, இல்லாட்டி அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வேற வேறயா வந்து கேள்வி வரும். மேலிருந்து கீழா எழுதும்போது நெடில் கோடு நிமிர்ந்து நிக்க வேணும், படுக்கக்கூடாது. 'கிளிநொச்சி' எண்ட சொல்லில 'ச்' இரட்டிக்கிறதைக் காட்ட வாற சின்ன 'ட்சு' தன்ர கட்டத்தின்ர வலப்பக்க மேல் மூலையில உக்கார வேணும். பேரை முதலே பதிவில வாங்கி, பென்சிலால எழுதி, ரெண்டாமாள் சரிபார்த்து வைக்கிறது நல்லம். வாசல்ல நிண்டபடி யோசிச்சு எழுதினா பிழை வரும்.

---

பதிந்தவர்: ஏட்டுச்சுவடி

மொழிக்கான 10 நிமிடங்களுக்கு என் பரிந்துரை: எழுத்தட்டவணையைக் காட்ட வேண்டாம். ஒரே ஒரு வரியைப் பலகையில் எழுதுங்கள். "வதாஷி வா கிளிநொச்சி கரா கிமாஷிதா." நான், கிளிநொச்சி, இலிருந்து, வந்தேன். சொல் ஒழுங்கு அப்படியே நம்முடையது. "இலிருந்து" நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் வருகிறது. வினையின் கடைசியில் 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'ஆ' சேர்ப்பதுபோல.

அடுத்து கொரே, சொரே, அரே, தொரே. கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் 'சொரே' ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களைத் திணறடிக்கும். நம் பேச்சில் 'உது' உயிரோடு இருக்கிறது: இது, உது, அது, எது. இங்கை, உங்கை, அங்கை, எங்கை என்பதற்கும் கொக்கோ, சொக்கோ, அசொக்கோ, தொக்கோ. கையில் ஒரு பொருளைக் கொடுத்து வாங்கிச் சொல்லவைத்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் இருந்தால் அவருக்கு மட்டும் 'உது'வை விளக்க வேண்டிவரும்.

மாத்திரையும் கைகொடுக்கும். குறில் 1, நெடில் 2. ஆனால் நமக்கு அரை மாத்திரையான மெய், அங்கே 'ன்' ஆக வரும்போது முழுதாக 1. சிறிய 'ட்சு'வும் 1. ஆகவே கண்ணன் நான்கு தட்டு: க-ன்-ன-ன். 5-7-5 என்று ஹைக்கு எண்ணுவதும் இந்தக் கணக்கில்தான். கைதட்டி எண்ணச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ககர இனத்தின் வல்லொலியும் மெல்லொலியும் ஜப்பானியத்தில் வேறுவேறு பொருள் தரும், நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒரு பழத்தின் பெயரும் திறப்பைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'ககி' என்றே வந்துவிடும். நாவும் பழக்கதோஷத்தில் இடையில் வரும் 'க'வை மெலித்துவிடும். வாயால் சொல்லிக் கொடுப்பதே வழி.

மேடை கேட்பவரைப் பற்றி: பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று நீண்டகாலம் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தனர். தைப்பொங்கலையும் ஜப்பானின் ஜனவரி 15 சிறு புத்தாண்டையும் ஓனோ ஒப்பிட்டது பலருக்குத் தெரியும். அந்த உழைப்பை மதிப்போடு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் மொழியியலாளரில் பெரும்பாலோர் அந்த முடிபை ஏற்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல் ஒழுங்கு ஒத்துப்போவதே உறவென்றால் கொரிய மொழியும் துருக்கி மொழியும் சிங்களமும் அந்தப் பந்தியில் உட்கார வேண்டும். "தமிழிலிருந்து வந்தது" என்பது நிறுவப்பட்ட முடிபு அல்ல. ஒரு பண்பாட்டை விரும்பி அறிமுகப்படுத்தும் நாளில் அதை நம்முடையதாக்கிக் காட்ட முயல்வது விருந்தாளிக்கும் அந்த மொழிக்கும் செய்யும் மரியாதை அல்ல.

---

பதிந்தவர்: பாலையடி

எல்லாருக்கும் நன்றி. பேச்சை விட்டுட்டு ஓனோ பற்றி ஒரு பலகை மட்டும் வைப்பம். யுகட்டாவை வாறவைக்கு உடுத்துப் படம் எடுக்க விடலாமோ? நாள் ஓகஸ்ட் 7 எண்டு முடிவாகியிருக்கு.

---

பதிந்தவர்: நெடுங்கேணி அக்கா

தம்பி, விடாதேங்கோ. ஒழுங்கா ஒராளுக்கு உடுத்த 10 நிமிசத்துக்கு மேல போகும், 60 பேர் வரிசையில நிண்டா மற்ற மேசையெல்லாம் காலி. நடத்துற ரெண்டுபேர் உடுத்து நில்லுங்கோ, 3 மணிக்கு ஒருக்கா எல்லாருக்கும் முன்னால உடுத்திக் காட்டுங்கோ.

உடுக்கிறவரின்ர இடப்பக்கத் துண்டு மேல வர வேணும். வலக்கை நெஞ்சுப்பக்கம் லேசாப் புகுந்தா சரி. மறுவளமா உடுத்துறது இறந்தவருக்கு. செல்ஃபியில படம் கண்ணாடிமாதிரித் திரும்பும், நோட்டீசில போடமுந்திப் பாருங்கோ. பொம்பிளை யுகட்டா ஆளைவிட நீளமா இருக்கும், வெட்டுறேல்லை. இடுப்பில கயிறு கட்டி மிச்சத்தை அதுக்கு மேலால மடிச்சு விடுறது. கயிறு இளகினா எல்லாம் இளகும், அதால ஒபி எண்ட இடுப்புப் பட்டி வடிவுக்கு, கயிறுதான் பிடிமானம். ஆம்பிளையளுக்கு மடிப்பில்லை, ஒபி தொப்புளுக்குக் கீழ இறங்கி நிக்கும்.

செத்தவீட்டோட சம்பந்தப்பட்டதை நல்லநாளில செய்யாத வழக்கத்தை எங்கட சனத்துக்கு விளக்கவே தேவையில்லை. சோத்தில சாப்பிடுற குச்சியை நட்டு வைக்கக்கூடாது, குச்சியில இருந்து குச்சிக்கு உணவு மாத்தக்கூடாது, வடக்க தலைவைச்சுப் படுக்கக்கூடாது. மூண்டையும் சொன்னா முதியவை தாங்களே தலையாட்டுவினம்.

ஓகஸ்ட் 7 நல்ல நாள். விருப்பத்தைத் தாள் கீலத்தில எழுதி மூங்கிலில கட்டுற தனாபட்டாத் திருநாள் ஜூலை 7 எண்டாலும் செந்தாய் நகரத்தில ஓகஸ்ட் 6 தொடக்கம் 8 வரைதான் கொண்டாடுறவை. வாசலில மூங்கில் கொப்பு ஒண்டு நட்டு, ஏ4 தாளை நீளவாக்கில மூண்டாக்கிப் பாதியா வெட்டினா ஒரு தாளில 6 கீலம் வரும். மேல துளைபோட்டு நூல் கோத்து வையுங்கோ. விருப்பத்தைத் தமிழிலயே எழுதிக் கட்டட்டும். ஃபெல்ட் பேனை வேண்டாம், ஈரம் பட்டாக் கரையும். மூங்கிலை முதல்நாள் வெட்டினா இலையெல்லாம் சுருண்டு குச்சியாகிடும். அண்டைக்குக் காலமை வெயில் ஏறமுந்தி வெட்டி, அடியை உடன வாளித் தண்ணியில வைச்சு, ஈரச்சாக்கால மூடி நிழலில விடுங்கோ. 2 மணிக்குக் கொஞ்சம் முந்தி நட்டாக் காணும். நடுறது கல் நிரப்பின வாளியில, ரெண்டு பக்கமும் தூணோட கயித்தால இழுத்துக் கட்டி. சோளகத்துக்கு வெறும் வாளி நிக்காது.