கையைத் தூக்கியதா தப்பு, காலை நீட்டாததா?

சக்கரக்கால்:
2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் 3000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் ரிலே. தென் கொரியாவின் ஜங் சியோல்-வோன் முன்னால் வருகிறார். முடிவுக்கோடு வருவதற்குள் நிமிர்ந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பின்னால் குனிந்தபடி வந்த தைவான் வீரர் ஹுவாங் யூ-லின் இடது காலை எட்டி நீட்டினார். தைவான் 4:05.692, கொரியா 4:05.702. கொரியர்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு குதித்த பிறகுதான் முடிவே வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை. தங்கம் வாங்கியிருந்தால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு. அது ஜங்குக்கு மட்டுமல்ல, கூட ஓடிய சோய் இன்-ஹோவுக்கும் போனது. அலட்சியத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மாடிப்படி:
அலட்சியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஜெயித்துவிட்டதாக நம்பினார், அவ்வளவுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் உசைன் போல்ட் கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நெஞ்சில் தட்டிக்கொண்டார். உலகமே ரசித்தது. ஜெயித்தால் ஸ்டைல், தோற்றால் திமிரா?

சக்கரக்கால்:
உலகமே ரசிக்கவில்லை நண்பரே. ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக்கே கண்டித்தார். போல்ட் 9.69 நொடி, இரண்டாவது வந்த தாம்ப்சன் 9.89. அந்த இடைவெளியில் நெஞ்சில் இரண்டு தடவை தட்டலாம். ஜங்கிடம் இருந்தது ஒன்றுமே இல்லை.

பெஞ்ச் அம்மா:
என் மகள் நாலு வருடமாக ஸ்கேட்டிங் போகிறாள், அதனால் ஒரு வார்த்தை. ஓட்டப்பந்தயத்தில் நெஞ்சு கோட்டைத் தாண்டினால் போதும். இங்கே கணக்கு காலுக்குத்தான். அதனால் கடைசி அடியில் ஒரு காலை முன்னால் தள்ளி, உடம்பைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடுவார்கள். கையைத் தூக்க நிமிர்ந்தால் இரண்டு காலும் உடம்புக்கு அடியில் வந்துவிடும். ஜங் தோற்றது அங்கேதான். காலை நீட்டிக்கொண்டே கத்தியிருந்தால் தங்கம் அவருக்கே. பயிற்சியாளர் எங்கள் பிள்ளைகளிடம், கோட்டைப் பார்க்காதே, அதைத் தாண்டிப் பத்தடி தூரத்தைப் பார் என்று தொண்டை கிழியக் கத்துவார். பாதிப் பேர் கோட்டிலேயே எழுந்து நிற்பார்கள். திமிரா அது? பழக்கம்.

(அதே ரிலேவில் 4:10.128 நேரத்தில் வெண்கலம் இந்தியாவுக்கு. அணியில் நம் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். ஜங் கையைத் தூக்கிய முடிவுக்கோட்டுப் புகைப்படத்தைப் பகிர்பவர்கள் அதையும் சொன்னால் என்னவாம்.)

மூணாவது ஸ்டம்ப்:
கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்களே. 2016 டி20 உலகக் கோப்பை, பெங்களூரு. கடைசி ஓவரில் நம் பாண்டியாவின் பந்தில் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்ததும் வங்கதேசத்தின் முஷ்ஃபிகுர் ரஹீம் காற்றில் குத்திக் கொண்டாடினார். மூன்று பந்தில் 2 ரன்தான் வேண்டும். அவர் கேட்ச், அடுத்த பந்தில் மஹ்முதுல்லா கேட்ச், கடைசிப் பந்தில் தோனி ஓடிவந்து ரன் அவுட் ஆக்கினார். ஒரு ரன்னில் வங்கதேசம் காலி.

மாடிப்படி:
அது எனக்குத்தான் சாதகம். முஷ்ஃபிகுரை அவுட் ஆக்கியது அடுத்த பந்தில் தூக்கி அடித்த ஷாட். கொண்டாடாமல் அதே ஷாட் ஆடியிருந்தாலும் கேட்ச்தான்.

மூணாவது ஸ்டம்ப்:
அந்த ஷாட்டை ஆடச் சொன்னது எது சார்? ஜெயித்தாகிவிட்டது என்ற நினைப்புதானே. ஒன்று ஒன்றாக ஓடியிருந்தால் போதும்.

மாடிப்படி:
சரி, இதற்கு என்ன சொல்வீர்கள்? ஜங் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நான் போராடிக்கொண்டிருந்தேன் என்ற பொருளில் பேட்டி கொடுத்த அதே ஹுவாங், அதே மாதம் தைவான் தேசிய விளையாட்டில் 1000 மீட்டர் ஓடினார். கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கினார். 0.03 நொடியில் தங்கம் போனது. இவருக்கும் அலட்சியமா? அடுத்தவர் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கே உடம்பு கேட்கவில்லை.

பெஞ்ச் அம்மா:
இதைத்தான் நானும் சொன்னேன்.

சக்கரக்கால்:
இப்போதுதான் தேடிப் பார்த்தேன், உண்மைதான். அலட்சியம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஹுவாங் இழந்தது தன்னுடைய பதக்கத்தை. ரிலேவில் கோட்டருகே கையைத் தூக்கியது சோய் இன்-ஹோ இல்லையே.